கல்லும் கழிவுநீரும் ஒரே மனுவில் வேண்டாம்

கேள்வி: எங்களுடையது கடலோரப் பேரூராட்சி. தெருக் கழிவுநீர் மொத்தமும் ஓடை வழியாக முகத்துவாரத்தில் போய்ச் சேருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அலை ஏறி வலை பின்னும் கூடம் வரை அரிக்கிறது. தூண்டில் வளைவும் (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் சுவர்) பாதாளச் சாக்கடையும் கேட்டு மன்றத்தில் தீர்மானம் போட்டு அனுப்பினோம். 'பரிசீலனையில் உள்ளது' என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. எங்கள் வரி வருமானம் சம்பளத்துக்கும் தெருவிளக்குக்கும்தான் சரியாக இருக்கிறது. யாரிடம், எப்படிக் கேட்க வேண்டும்?
– வார்டு உறுப்பினர், கடலூர் மாவட்டம்

பதில்: அம்மா, நீங்கள் அனுப்பிய தீர்மான நகலைப் படித்தேன். பேரூராட்சிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், அது எங்கே நின்றிருக்கும் என்று தெரிகிறது. கல் போடுவது நீர்வளத் துறை அல்லது மீன்வளத் துறையின் வேலை. சாக்கடை நகராட்சி நிர்வாகத் துறையுடையது. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் 'எங்களுடையது அல்ல' என்று ஆளுக்கொரு பக்கம் தள்ளிவிடுவார்கள். முதலில் இரண்டு தீர்மானமாகப் பிரித்துப் போடுங்கள்.

கழிவுநீரை முன்னால் வையுங்கள். அது உங்கள் கையில் இருக்கும் விஷயம். ஊர் முழுக்கக் குழாய் பதிக்கும் பாதாளச் சாக்கடை வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். ஒரு லட்சத்துக்குக் கீழ் மக்கள்தொகை உள்ள ஊர்களுக்குத் தூய்மை இந்தியா திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் கழிவுநீர் மேலாண்மைக்குத் தனியாக நிதி வைத்தார்கள். அதில் பாதி மத்திய அரசின் பங்கு. ஓடை முகத்துவாரத்தில் சேரும் முன்பே மறித்துச் சுத்திகரிக்கும் நிலையம் அந்த வகையில் வரும். பதினைந்தாவது நிதி ஆணைய மானியத்திலும் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று ஒதுக்கப்பட்டதுதான். அதில் இதுவரை என்ன செலவானது என்று செயல் அலுவலரிடம் கணக்குக் கேளுங்கள். உறுப்பினருக்கு அந்த உரிமை உண்டு.

மதுராந்தகம் பக்கத்தில் கருங்குழி என்று ஒரு பேரூராட்சி. செப்டிக் டேங்க் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையம் தமிழ்நாட்டில் முதலில் வந்தது அங்கேதான், 2017இல். பக்கத்து ஊர் லாரிகளும் அங்கே வந்து கொட்டுகின்றன. நீங்களும் அண்டை ஊராட்சிகளைச் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். சின்ன ஊர் தனியாகக் கேட்பதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

மனுவோடு தண்ணீர்ப் பரிசோதனை முடிவு கட்டாயம் போக வேண்டும். 'கடல் மாசுபடுகிறது' என்று எல்லா ஊரும் எழுதுகிறது. கடல் வற்றும் நேரத்தில் ஓடை வாயில், கிருமி நீக்கிய பாட்டிலில் மாதிரி எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். குளிக்கத் தகுந்த கடல்நீரில் மலக் கோலிஃபார்ம், அதாவது மலத்திலிருந்து வரும் கிருமி, 100 மில்லிலிட்டர் தண்ணீருக்கு 100 என்ற எண்ணிக்கையைத் தாண்டக்கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு. உங்கள் ஓடையின் எண்ணை அதன் பக்கத்தில் எழுதுங்கள். அப்புறம் நிலையம் கட்ட நிலம். சர்வே எண், பரப்பு, வில்லங்கம் இல்லை என்பதற்கான வருவாய்த் துறைச் சான்று, மூன்றும் வேண்டும். நிலம் காட்டாத ஊரின் கோப்பை யாரும் கையில் எடுப்பதில்லை.

இனி தூண்டில் வளைவு. வீட்டு வாசலில் கடல் நிற்கும்போது கல் கேட்பது இயல்பு, அந்தப் பயத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் நம் கிழக்குக் கரையில் மணல் ஆண்டுக்கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் கல் நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். புதுச்சேரியில் 1980களின் கடைசியில் துறைமுகச் சுவர் கட்டினார்கள். நகரத்துக் கடற்கரை மணல் போயிற்று. கரையைக் காக்கக் கல் கொட்டினார்கள், அரிப்பு வடக்கே குப்பங்களுக்கு நகர்ந்து, எல்லை தாண்டி நம் சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரை வந்துவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் எந்தத் தீர்மானமும் போடவில்லை, நட்டம் மட்டும் அவர்களுக்கு வந்தது. உங்களுக்கு வடக்கே இருக்கும் குப்பத்தையும் நினைத்துப் பாருங்கள்.

கரை முழுவதையும் எப்படிக் காப்பது என்று வகுக்கும் கரையோர மேலாண்மைத் திட்டம் இல்லாமல் இப்படிக் கல் கட்டக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் 2022இல் சொல்லிவிட்டது. அதனால் கல் கேட்காமல், உங்கள் கரைக்கு ஆய்வு கேளுங்கள். மணல் மேட்டைக் காப்பது, மணலைப் பிடித்து வைக்கும் அடும்புக் கொடி வளர்ப்பது, வலைக்கூடத்தை உள்ளே தள்ளிக் கட்டுவது ஆகியவற்றுக்கு நிதி கேளுங்கள். உலக வங்கி உதவியோடு அரசு நடத்தும் தமிழ்நாடு நெய்தல் மீட்சி இயக்கத்தின் மதிப்பு 1,675 கோடி ரூபாய். மாவட்ட ஆட்சியர் வழியாக அங்கே எழுதுங்கள்.

கேள்வி: கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டித் தந்தாலும் அதை ஓட்ட எங்களிடம் பணம் ஏது?
– பேரூராட்சித் தலைவர், இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: சரியான கவலை, தலைவரே. மோட்டார் ரிப்பேரானதும் பூட்டிக் கிடக்கும் நிலையங்களை நான் பார்த்திருக்கிறேன். கழிவு லாரிகளுக்கு உரிமம் கொடுங்கள், நடைக்கு இவ்வளவு என்று கட்டணம் வையுங்கள், விடிகாலையில் ஓடையில் கொட்டும் லாரியின் உரிமத்தை ரத்து செய்யுங்கள். மின்கட்டணம், ஆள் சம்பளம், பழுது என்று ஐந்து ஆண்டுச் செலவைத் திட்ட அறிக்கையிலேயே எழுதிக் கேளுங்கள். கட்டுமானத்துக்கு மட்டும் கையெழுத்துப் போட்டு வாங்காதீர்கள்.