அடுப்பு பற்ற வைக்காமல் ஒரு தக்காளி டிப்: கேள்வி பதில்

பாலக்கோட்டுப் பக்கம் தக்காளித் தோட்டத்தோடு வளர்ந்தவள் நான். இப்போது தருமபுரியில் சின்னச் சின்ன விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறேன். விருந்தாளிகள் வந்தால் முறுக்கு, தட்டைக்குத் தொட்டுக்கொள்ளப் பச்சையாகவே செய்து வைக்கும் தக்காளி டிப்பைப் பற்றிப் போன வாரம் சொன்னதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

முதலில் அளவு. ஆறு பேருக்கு அரைக் கிலோ தக்காளி, ஒரு பெரிய வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், ஒரு கைப்பிடி கொத்தமல்லி, அரை எலுமிச்சம்பழம், ஒரு டீஸ்பூன் உப்பு. எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிக் கலக்க வேண்டும். ஹோட்டல்களில் சல்சா என்று வைக்கிறார்களே, அதில் இது ஒரு வகை. மெக்சிகோவில் இதை ‘பீக்கோ தே காயோ’ என்பார்கள்; சேவலின் அலகு என்று பொருள். தக்காளியும் மிளகாயும் அந்தப் பக்கத்திலிருந்து கடல் கடந்து வந்தவைதான். அதனால் நம் வீட்டுக் கூடையில் இல்லாத எதையும் இது கேட்பதில்லை.

தருமபுரியிலிருந்து, புது வீடு குடிபோன ஒரு தங்கை: அளவு சரியாகத்தான் போட்டேன் அக்கா. விருந்தாளிகள் வந்து உட்கார்வதற்குள் கிண்ணத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. முறுக்கை வைத்தால் நமுத்துப் போகிறது. எங்கே தப்பு?

தப்பு உன் கையில் இல்லை கண்ணு, உப்பு அதன் வேலையைச் செய்திருக்கிறது. தக்காளியில் நூற்றுக்குத் 94 பங்கு தண்ணீர்தான். நறுக்கி உப்புப் போட்டதும் அந்தத் தண்ணீர் வெளியே வர ஆரம்பித்துவிடும். அதை நாம் தடுக்க முடியாது. ஆனால் கிண்ணத்துக்கு வருவதற்கு முன்பே வரவழைத்துவிடலாம்.

நறுக்கிய தக்காளியை வடிதட்டில் போட்டு, பாதி உப்பைத் தூவி, கையால் ஒருமுறை புரட்டிவிடு. கீழே ஒரு பாத்திரம் வை. இருபது நிமிடம் தொடாதே. நல்ல சாறுள்ள பழமாக இருந்தால் அரை டம்ளர் தண்ணீர்கூட வடியும். மேலே தங்கும் துண்டுகள் கெட்டியாக, நிறம் கூடி, ருசியும் கூடி இருக்கும். இந்த ஒன்றைச் செய்தால் உன் டிப் பாதி தேறிவிட்டது.

சிலர் தண்ணீருக்குப் பயந்து விதைப் பகுதியையே வழித்து எறிகிறார்கள். எனக்கு மனசே ஒப்பாது. தக்காளியின் ருசிக்குக் காரணமான குளுட்டமேட், சதையைவிட விதையைச் சுற்றியுள்ள அந்தக் கொழகொழப்பில்தான் அதிகம். அதை விட்டுவிட்டால் வெறும் சக்கைதான் மிச்சம். விதையோடு நறுக்கு, நீர்த்த சாறு மட்டும் வடியட்டும். வடிந்ததிலும் இரண்டு ஸ்பூன் எடுத்து எலுமிச்சைச் சாற்றோடு கலந்து கடைசியில் திரும்ப ஊற்று. மீதி ரசத்துக்கு. புளியைப் பாதியாகக் குறைத்துக்கொள், உப்பைப் பார்த்துப் போடு, ஏற்கெனவே அதில் இருக்கிறது.

அப்புறம் நேரம். தக்காளி வடிதட்டில், வெங்காயமும் மிளகாயும் ஒரு கிண்ணத்தில், கொத்தமல்லி தனியாக. விருந்தாளிகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது கலந்தால் போதும். எலுமிச்சை கடைசியில்தான், முன்பே பிழிந்தால் கொத்தமல்லியின் பச்சை மங்கிவிடும்.

பாலக்கோட்டுத் தம்பி ஒருவர்: நாட்டுத் தக்காளியா, ஹைப்ரிட்டா?

நம் ஊர் மண்டியை வைத்துக்கொண்டு கேட்கிறீர்களே தம்பி, இரண்டும் வாங்குங்கள். ஹைப்ரிட்டுக்குச் சதைப்பற்று அதிகம். நறுக்கினால் துண்டு துண்டாக நிற்கும், ஆனால் புளிப்பு பற்றாது. நாட்டுப் பழத்துக்குத் தோல் மெல்லிசு, சாறும் புளிப்பும் நிறைய, ஆனால் கத்தி பட்டாலே குழையும். நான் இரண்டு பங்கு ஹைப்ரிட், ஒரு பங்கு நாடு என்று எடுப்பேன். உருவம் ஒன்றிலிருந்து, ருசி இன்னொன்றிலிருந்து. ஒன்றுதான் கிடைக்கும் என்றால் ஹைப்ரிட் எடுத்து எலுமிச்சையைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

வகையைவிட எவ்வளவு பழுத்திருக்கிறது என்பதுதான் முக்கியம். வெளியூர் லாரிக்குப் போகும் பழத்தைச் செங்காயாகவே பறிப்பார்கள், கடையில் அதுதான் நமக்கும் கிடைக்கும். வாங்கி வந்து காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் பரப்பி இரண்டு நாள் வெளியே வையுங்கள், தானாகப் பழுக்கும். ஃப்ரிட்ஜில் செங்காயை வைத்தால் பழுப்பது நின்றுவிடும், மணமும் போய்விடும். சமைத்துச் சாப்பிட்டால் அந்தக் குறை மறைந்துவிடும். பச்சையாகச் சாப்பிடும்போது மறைக்க எதுவும் இல்லை.

காரிமங்கலத்திலிருந்து: மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றினால் சீக்கிரம் ஆகுமே?

வேண்டாம் அம்மா. பச்சைத் தக்காளிச் சாற்றில் மிக்ஸி காற்றைக் கலந்துவிடும். சிவப்பு போய் ரோஸ் நிறத்தில் நுரைத்து நிற்கும். வெங்காயமும் அரைபட்டால் கசக்கும். நல்ல கூரான கத்தி, பத்து நிமிடம், அவ்வளவுதான். மொக்கைக் கத்தி தக்காளியை நசுக்கும்.

பென்னாகரத்திலிருந்து ஒரு அக்கா: எங்கள் மாமியார், “பச்சைத் தக்காளியை யாராவது விருந்தாளிக்கு வைப்பார்களா, சுட்டாவது போடு” என்கிறார். சுட்டால் இது கெட்டுவிடுமா?

கெடவே கெடாது அக்கா. மாமியார் சொன்னது அருமையான யோசனை. களிக்குத் தொட்டுக்கொள்ள அடுப்புத் தணலில் தக்காளியும் மிளகாயும் சுட்டு, உப்புச் சேர்த்துப் பிசைந்த கை அது. மெக்சிகோவிலும் இப்படியே தக்காளியைத் தோல் கருகும்வரை சுட்டு, மூன்று கால் வைத்த எரிமலைக் கல் உரலில் நசுக்கி ஒரு சல்சா செய்கிறார்கள். நம் அம்மி செய்யும் வேலையைத்தான் அந்தக் கல்லும் செய்கிறது.

முழுத் தக்காளியைத் தணலிலோ கேஸ் தீயிலோ திருப்பித் திருப்பிச் சுடுங்கள். தோல் அங்கங்கே கருகி வெடிக்க வேண்டும். கூடவே நாலு பல் பூண்டைத் தோலோடு, இரண்டு பச்சை மிளகாயை லேசாகக் கீறிச் சுடுங்கள் (கீறாவிட்டால் வெடித்து முகத்தில் தெறிக்கும், கவனம்). ஆறியதும் கருகிய தோலை முக்கால்வாசி உரித்துவிட்டு, கொஞ்சம் விட்டுவையுங்கள், புகை வாசம் அதில்தான் இருக்கிறது. பூண்டு, மிளகாய், உப்பை அம்மியில் முதலில் நசுக்கி, தக்காளியைக் கடைசியில் போட்டு இரண்டு தட்டு தட்டினால் போதும். வெங்காயத்தைப் பச்சையாகப் பொடியாக நறுக்கிக் கலந்துகொள்ளுங்கள்.

உண்மையைச் சொன்னால், வயதானவர்கள் வரும் விருந்தில் நான் இரண்டு கிண்ணம் வைப்பேன், பச்சை ஒன்று, சுட்டது ஒன்று. சுட்டதுதான் முதலில் காலியாகிறது.

ஓசூரிலிருந்து, பெங்களூரு உறவினர்களை எதிர்பார்க்கும் ஒரு தங்கை: சின்னக் குழந்தைகள் வருகிறார்கள். காரமும் வெங்காய நெடியும் ஆகாது.

நறுக்கிய வெங்காயத்தைக் குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, நன்றாகப் பிழிந்து எடு. நெடி குறைந்துவிடும், மொறுமொறுப்பு அப்படியே இருக்கும். மிளகாயைப் பொறுத்தவரை, காரம் விதையில் இருப்பதாக நினைக்கிறோம். அது உள்ளே ஓடும் வெள்ளை நரம்பில்தான் அதிகம். அதைச் சுரண்டி எடுத்தாலே பாதி அடங்கும். குழந்தைகளுக்கு மிளகாய் சேர்ப்பதற்கு முன்பே ஒரு கிண்ணம் தனியாக எடுத்து, கெட்டித் தயிர் இரண்டு ஸ்பூன் கலந்துவிடு. ஓசூரில் பட்டர் ஃப்ரூட் சுலபமாகக் கிடைக்கிறதே, ஒன்றை மசித்துச் சேர்த்தால் பெரியவர்களும் அந்தக் கிண்ணத்துக்கு வந்துவிடுவார்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து: மாங்காய் போடலாமா?

கட்டாயம். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு சீசனில் மாங்காய் போடாமல் இருந்தால்தான் குறை. கிளிமூக்குப் பெங்களூரா மாங்காய், லேசாக மஞ்சள் திரும்பியது, இதற்கென்றே காய்த்ததுபோல் இருக்கும்: புளிப்பும் இனிப்பும் சேர்ந்திருக்கும், நறுக்கினால் நொறுங்காது. அரைக் கிலோ தக்காளிக்குப் பாதி மாங்காய். எலுமிச்சையை அடியோடு விட்டுவிடுங்கள். ஒரு சிட்டிகை வறுத்த சீரகத்தூள் போட்டுப் பாருங்கள்.

அரூரிலிருந்து ஒரு தம்பி: தொட்டுக்கொள்ள என்ன வைப்பது? மக்காச்சோளச் சிப்ஸ்தான் வேண்டுமா?

கடையில் வாங்கும் மக்காச்சோளச் சிப்ஸ் நன்றாகத்தான் இருக்கும். அசல் முறையில் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைப்பதால் அதற்கு ஒரு தனி வாசனை உண்டு. ஆனால் உப்பு ஏற்கெனவே தூக்கலாக இருக்கும், டிப்பில் குறைத்துக்கொள்ளுங்கள். என் விருப்பம் தட்டை. சற்று தடிமனாக, அகலமாக இருப்பதால் அள்ளி எடுக்க வசதி. ராகி மாவில் தட்டிய தட்டை இன்னும் பொருத்தம்; ராகியின் மண்வாசம் தக்காளிப் புளிப்போடு நன்றாகச் சேரும். அப்பளம் வேண்டாம், ஈரம் பட்ட உடனே சுருண்டுவிடும்.

காவேரிப்பட்டணத்திலிருந்து: கிருத்திகை அன்று விருந்தாளிகள். வெங்காயம் சேர்க்க மாட்டோம்.

வெள்ளரிக்காயை விதை நீக்கி நறுக்கி, தக்காளியோடு சேர்த்தே உப்புப் போட்டு வடியுங்கள். மொறுமொறுப்புக்குக் கொஞ்சம் குடைமிளகாய், ஒரு துண்டு இஞ்சித் துருவல். வெங்காயம் இல்லாத குறையே தெரியாது.

ஊத்தங்கரையிலிருந்து: முதல் நாளே செய்து வைக்கலாமா? அலுமினியப் பாத்திரம் பரவாயில்லையா?

அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் வேண்டாம், புளிப்பு பட்டால் உலோக வாடை வரும். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் எதுவானாலும் சரி.

முதல் நாள் செய்வது பாதுகாப்புக்குப் பரவாயில்லை, ஃப்ரிட்ஜில் மூடி வைத்தால் மறுநாள்வரை நிற்கும், ருசிதான் இறங்கும். அதைவிட வெளியே வைப்பதில்தான் எனக்குக் கவலை. நறுக்கிய தக்காளியில் கிருமி வளரும். சாதாரண நாளில் இரண்டு மணி நேரம், நம் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம், அதற்கு மேல் மேசையில் வைக்காதீர்கள். பெரிய கிண்ணமாக ஒரேயடியாக வைக்காமல் சின்னக் கிண்ணத்தில் வைத்து, தீரத் தீர ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நிரப்புங்கள். கொத்தமல்லியை மண் போக மூன்று தண்ணீரில் அலசுங்கள். இது வேகாத பண்டம் என்பதை மறக்க வேண்டாம்.

தருமபுரித் தங்கையே மறுபடியும்: ஃப்ரிட்ஜில் இருந்தது மிஞ்சினால்?

மறுநாள் காலை கடுகு, கறிவேப்பிலை தாளித்து அதில் கொட்டி, தண்ணீர் சுண்டும்வரை வதக்கு. தோசைக்கு அது தொக்கு. இரண்டு முட்டை உடைத்து ஊற்றிக் கிளறினால் சப்பாத்திக்கு ஆகும்.