கணினி ஸ்கேன் பார்க்கும் காலத்தில் ரேடியாலஜி படிக்கலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

எம்.பி.பி.எஸ். முடிக்கவிருக்கும் தங்கள் மகள் மூளை ஸ்கேன்களில் ஆர்வம் கொண்டு, ஸ்கேன், எக்ஸ்ரே படங்களைப் படித்து நோயைக் கண்டறியும் துறையான ரேடியாலஜியில் சேர விரும்புவதாகவும், ஸ்கேன் படங்களைக் கணினியே படித்துவிடும் காலத்தில் அந்தப் படிப்பு சோறு போடுமா என்று தாங்கள் அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். இந்த அச்சத்தை ஊதிவிட்டவர்களில் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஜெஃப்ரி ஹின்டன் முக்கியமானவர். ஐந்து, மிஞ்சினால் பத்து ஆண்டுகளில் கணினி ரேடியாலஜிஸ்டுகளை விஞ்சிவிடும் என்றும், புதியவர்களுக்குப் பயிற்சி அளிப்பதை நிறுத்திவிடலாம் என்றும் அவர் 2016-இல் சொன்னார். நோபல் பரிசு பெற்ற அறிஞர்தான். ஆனால் ஐந்தாண்டுக் கெடு கடந்த பின்னும் மருத்துவமனைகள் ரேடியாலஜிஸ்டுகளைத் தேடிக்கொண்டுதான் இருக்கின்றன.

மூளைப் படமும் கணினியும் இணைந்தது நேற்றைய செய்தியன்று. லண்டனில் 1971 அக்டோபரில் ஒரு பெண்ணின் மூளையை முதன்முதலாக சி.டி. ஸ்கேன் எடுத்தபோது, கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளருடன் ஜேம்ஸ் ஆம்புரோஸ் என்ற ரேடியாலஜிஸ்டும் இருந்தார். படத்தில் தெரிவது கட்டியா இல்லையா என்று சொல்ல அப்போதே ஒரு மருத்துவர் தேவைப்பட்டார்.

இன்றைய நிலைக்கு நம் நாட்டு ஆய்வு ஒன்றையே பாருங்கள். மூளைக்குள் இரத்தக்கசிவு, மண்டையோட்டு முறிவு போன்றவற்றைத் தலை சி.டி. படங்களில் கண்டறியும் கணினி முறை ஒன்றைப் பற்றி 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. அதற்காக இந்தியாவில் ஏறத்தாழ 20 மையங்களிலிருந்து 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்கேன்கள் திரட்டப்பட்டன. கணினி கற்றது ரேடியாலஜிஸ்டுகள் எழுதிய ரிப்போர்ட்டுகளிலிருந்து. அது சரியாகச் சொல்கிறதா என்பதைத் தனியாகத் திரட்டிய 491 ஸ்கேன்களில் சோதித்தபோதும், மூன்று மூத்த ரேடியாலஜிஸ்டுகளின் பெரும்பான்மைக் கருத்தையே அளவுகோலாக வைத்தார்கள். அவசரப் பிரிவில் எந்த ஸ்கேனை முதலில் பார்க்க வேண்டும் என்று காட்டுவதில் இத்தகைய முறைகள் உண்மையிலேயே உதவும். ஆனால் ஒரு கருவியின் படங்களில் பழகிய கணினி வேறு கருவியின் படங்களில் தடுமாறக்கூடும். அந்தத் தடுமாற்றத்தைக் கண்டுபிடித்துச் சொல்லப் படம் படிக்கத் தெரிந்தவர்தான் வேண்டும்.

ஆகவே எம்.டி.யைக் கைவிட்டு நேரே கணினித் துறைக்குத் தாவலாம் என்று யாரேனும் சொன்னால் தங்கள் மகள் கேட்க வேண்டாம். நீட் பி.ஜி. எழுதி மூன்றாண்டு எம்.டி. ரேடியோ டயக்னோசிஸை முதலில் முடிக்கட்டும். மூளையில் ஆர்வம் நீடித்தால் பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா போன்ற நிறுவனங்களில் மூளைப் படங்களுக்கான டி.எம். என்னும் உயர் சிறப்புப் படிப்பை மேலும் மூன்றாண்டு படிக்கலாம். பைத்தான் என்ற கணினி நிரல் மொழியும் புள்ளியியலும் இடையிடையே கற்கக்கூடியவை. ஆயிரக்கணக்கான ஸ்கேன்களைப் பார்த்துப் பழகிய கண் அப்படி வந்துவிடாது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காமல், நரம்பியல் அறுவைப் பிரிவும் பக்கவாத சிகிச்சையும் அங்கே எவ்வளவு பரபரப்பாக நடக்கின்றன என்று விசாரியுங்கள். எம்.டி.யில் சேர்ந்த சில மாதங்களிலேயே ஆய்வேட்டுக்கான தலைப்பைத் தர வேண்டியிருக்கும் என்பதால், பழைய எம்.ஆர்.ஐ. படங்களை ஆய்வுக்குப் பயன்படுத்த நெறிமுறைக் குழு அனுமதிக்கிறதா, வழிகாட்டும் பேராசிரியர் யார் என்பதை அங்கே படிக்கும் முதுநிலை மாணவர்களிடம் தங்கள் மகளே கேட்டறிவது நல்லது.