காது கேளாத தம்பி பத்தாம் வகுப்பு முடித்துவிட்டான். தொழிற்பயிற்சிக்கும் வேலைக்கும் எங்கே தொடங்குவது?

முதலில் யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை. அதிலுள்ள பெயரும் பிறந்த தேதியும் ஆதார், மதிப்பெண் பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இனிஷியல் மாறினாலே விண்ணப்பம் சிக்கும். குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு கிடைக்கும். வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் பதிந்துவிடுங்கள். சென்னைப் பக்கம் என்றால், கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய தொழில்சேவை மையம் இருக்கிறது.

ஐடிஐயில் சேர்க்கும்முன் சைகை மொழி தெரிந்த ஆள் உண்டா என்று நேரில் போய்க் கேளுங்கள். இதில் அவசரப்படவே கூடாது. ஃபிட்டர் வேலையில் அரம் பிடிப்பதைப் பார்த்தே பழகிவிடலாம். தியரி வகுப்பு முழுக்க வாய்ப்பேச்சாகவே போனால் பையன் அங்கேதான் பின்தங்குவான்.

வேலையில் சேர்ந்ததும் இரண்டைக் கேட்டு வாங்குங்கள்: எழுத்தில் வேலைக்குறிப்பு, சைரனோடு சேர்ந்து மின்னும் விளக்கு. அரசு நிறுவனமென்றால் இந்த வசதிகள் சலுகை அல்ல, அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு தரும் உரிமை.