ஃப்ரெஞ்சுக்காரன் போயிட்டான், அப்புறம்? – ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

ஆப்பிரிக்கா பத்தி நீங்க எழுதறதை தொடர்ந்து படிக்கிறேன், ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஒட்டவே மாட்டேங்குது. மார்க்ஸ் எழுதினது இங்கிலாந்து மில்லுகளை பாத்து. ஆப்பிரிக்கால மில்லும் கம்மி, மில்லுத் தொழிலாளியும் கம்மி. அந்த தியரியை அங்க தூக்கிட்டுப் போறதும் வெள்ளைக்காரன் சரக்கை இறக்குமதி பண்றதும் ஒண்ணுதானே? மேற்கு ஆப்பிரிக்கால புர்கினா ஃபாசோல ராணுவ கேப்டன் இப்ராஹிம் ட்ரோரே 34 வயசுல ஆட்சிக்கு வந்து ஃப்ரெஞ்சு ராணுவத்தை வெளிய அனுப்பிட்டாரு, அவருக்கு எந்த தியரி தேவைப்பட்டுச்சு? எங்க ஆஃபீஸ்ல பாதி பேர் ஸ்டேட்டஸ்ல அவர் வீடியோதான். கோவமா கேக்கல, தெரிஞ்சுக்கணும்னுதான் கேக்கறேன். படிக்கணும்னா எதுல ஆரம்பிக்கறதுன்னும் சொல்லுங்க.

– ர., திருச்சி

வணக்கம் தம்பி,

உங்க முதல் கேள்வியை ஒரு ஆப்பிரிக்கரே 1966 ஜனவரில, கியூபாவோட ஹவானால மூணு கண்டத்து விடுதலை இயக்கங்களும் கூடியிருந்த மாநாட்டுல மேடையேறி கேட்டிருக்காரு. அமில்கார் கப்ரால், போர்ச்சுகலோட காலனியா இருந்த கினி-பிசாவ் விடுதலைப் போராட்டத்தோட தலைவர். வரலாறு வர்க்கப் போராட்டத்துலதான் தொடங்குதுன்னா, வர்க்கமாவே பிரியாத சமூகங்களுக்கு வெள்ளைக்காரன் வர்ற வரைக்கும் வரலாறே கிடையாதுன்னு ஆகிடுதே, அதை ஒத்துக்க முடியாதுன்னாரு. ஒரு சமூகம் எப்படி உற்பத்தி பண்ணுது, அந்த உற்பத்தி சக்தி எந்த அளவுக்கு வளர்ந்திருக்குங்கறதுதான் வரலாறை நகர்த்துதுன்னு, மார்க்ஸ் போட்ட அடித்தளத்துல நின்னுகிட்டே திருத்தினாரு. காலனி ஆட்சி ஒரு சமூகம் தன் பாதையில வளர்ற ஓட்டத்தையே பறிச்சுடுது, அதை திரும்ப கையில எடுக்கறதுதான் தேசிய விடுதலைன்னாரு. சரக்கை இறக்குமதி பண்றவன் இப்படிப் பேசமாட்டான் தம்பி.

அவரு லிஸ்பன்ல விவசாயம் படிச்சவரு. 1953ல போர்ச்சுகல் அரசாங்க வேலையில இருந்துகிட்டே கினி-பிசாவ் பூரா விவசாயக் கணக்கெடுப்பு நடத்தினாரு, எங்க நெல்லு எங்க நிலக்கடலை, நிலம் யார் கையில, யாருக்கு யார் கட்டுப்பட்டவங்கன்னு அப்ப நேர்ல பாத்ததுதான் பின்னாடி அவரோட அரசியலுக்கே அஸ்திவாரம். பலாந்தா மக்கள்ல பெரிய தலைவன்னு யாரும் கிடையாது, நிலம் ஊருக்குப் பொது, அவங்க போராட்டத்துக்கு சீக்கிரமே வந்தாங்க. ஃபுலா மக்கள்ல தலைவருங்க காலனிக்காரனோட கைகோர்த்துகிட்டு விவசாயியை கசக்கினாங்க, அங்க உள்ள நுழையறதே பெரிய பாடா இருந்துச்சு. இந்த விவரம் எந்த ஐரோப்பா புத்தகத்துலயும் கிடைக்காது, ஆனா இதைத் தேடணும்னு அவருக்கு சொல்லிக் கொடுத்தது மார்க்சியம்.

1956ல விடுதலைக்காக கட்சி தொடங்கினப்ப அவங்களும் முதல்ல நகரத்துத் தொழிலாளிங்களைத்தான் திரட்டினாங்க. 1959 ஆகஸ்ட் 3ஆம் தேதி தலைநகர் பிசாவ்ல பிஜிகிட்டி துறைமுகத்துல சம்பளம் கேட்டு ஸ்ட்ரைக் பண்ணவங்களை சுட்டதுல ஐம்பது பேர் அளவுக்கு செத்தாங்க. நகரத்தை மட்டும் நம்பினா அழிஞ்சுடுவோம்னு முடிவு பண்ணி கிராமத்துக்குப் போனாங்க, 1963 ஜனவரில ஆயுதப் போராட்டம் தொடங்குச்சு. எல்லாரும் அந்தத் துப்பாக்கியைத்தான் பேசறாங்க, எனக்கு அதைவிட முக்கியமா படறது மீட்ட ஊர்கள்ல அவங்க என்ன கட்டினாங்கங்கறதுதான். ஒவ்வொரு ஊர்லயும் அஞ்சு பேர் கமிட்டி, தேர்ந்தெடுக்கப்பட்டது, அதுல ரெண்டு பேராவது பெண்களா இருக்கணும். மக்கள் கடைன்னு வச்சு விவசாயிகிட்ட நெல்லை வாங்கிட்டு துணிமணி கொடுத்தாங்க, காட்டுக்குள்ள பள்ளிக்கூடம் நடத்தினாங்க, 1964ல கசாக்காங்கற ஊர்ல நடந்த கட்சி மாநாட்டுல மக்களை கொடுமைப்படுத்தின சொந்த கமாண்டருங்க மேலயே நடவடிக்கை எடுத்தாங்க. யாரோட மண்டையிலயோ இருக்கற கருத்துக்காக மக்கள் போராடல, நல்லபடியா நிம்மதியா வாழணும்னுதான் போராடறாங்க, இதை எப்பவும் மறக்காதீங்கன்னு 1965ல கட்சிக்காரங்களுக்கு எழுதினாரு.

இப்ப ட்ரோரே விஷயத்துக்கு வர்றதுக்கு முன்னாடி அந்த ஹவானா பேச்சுல இன்னொரு இடத்தை சொல்லியே ஆகணும். காலனிக்காரன் கிளம்பினதும் அரசாங்கத்தை நடத்தத் தெரிஞ்ச ஆளு யாரு? படிச்ச, ஆஃபீஸ்ல வேலை பாத்த குட்டி முதலாளி வர்க்கம்தான், நாற்காலி தானா அவங்ககிட்டதான் வரும். அவங்களுக்கு ரெண்டே வழி, ஒண்ணு வெளிநாட்டு மூலதனத்துக்கு லோக்கல் ஏஜென்ட் ஆகறது, இல்லன்னா ஒரு வர்க்கமா தற்கொலை பண்ணிக்கிட்டு, அதாவது தங்களோட சலுகைகளை விட்டுட்டு, உழைக்கற மக்களோட கலந்துடறது. கப்ராலும் அந்த வர்க்கத்துல வந்தவருதான், தன் கட்சிக்காரங்களை மனசுல வச்சுதான் சொன்னாரு.

1973 ஜனவரி 20ல, பக்கத்து நாடான கினியோட தலைநகர் கொனாக்ரில அவரை சொந்தக் கட்சி ஆட்களே சுட்டுக் கொன்னாங்க. அந்த செப்டம்பர்லயே கினி-பிசாவ் சுதந்திரப் பிரகடனம் பண்ணுச்சு, அடுத்த வருஷம் போர்ச்சுகல் ஒத்துக்கிச்சு. ஆனா அதிகாரம் காட்டுலேருந்து தலைநகரத்துக்கு வந்து காலனிக்காரன் விட்டுட்டுப் போன அதே ஆஃபீஸ்கள்ல உக்காந்துச்சு, ஊர் கமிட்டிங்க மங்கிப்போச்சு, குமெரேங்கற இடத்துல நாட்டோட விளைச்சலுக்கே மீறின பிரம்மாண்ட தொழிற்சாலை கட்ட பணம் போச்சு, விவசாயிக்கு பெருசா ஒண்ணும் வரல. 1980ல ராணுவக் கலகம், அப்புறம் உள்நாட்டுப் போர், 2003, 2012னு கலகம் மேல கலகம். இதைக் காட்டி தியரி தோத்துப்போச்சுன்னு சிலர் சொல்றாங்க. நான் அப்படிப் பாக்கல, எது நடக்கும்னு அவரு எச்சரிச்சாரோ அதேதான் நடந்துச்சு.

தென்னாப்பிரிக்காவையும் பாருங்க. சுரங்கத் தொழிலாளர் சங்கத்தை கட்டின சிரில் ராமபோசா, 2012ல லோன்மின் பிளாட்டினம் கம்பெனி போர்டுல இருந்தாரு, ஸ்ட்ரைக் பண்ணவங்க மேல கடுமையா நடவடிக்கை எடுக்கணும்னு ஈமெயில் அனுப்பினாரு, மறுநாள் ஆகஸ்ட் 16 அந்தக் கம்பெனி சுரங்கம் இருக்கற மரிக்கானால போலீஸ் 34 பேரை சுட்டுக் கொன்னுச்சு. விசாரணைக் கமிஷன் அவரை குற்றவாளின்னு சொல்லல. ஆனா ஒரு சங்கத் தலைவர் எந்தப் பக்கம் போய் உக்காந்திருந்தாருங்கறதுக்கு கமிஷன் ரிப்போர்ட் தேவையில்ல.

ட்ரோரே விஷயத்துல, 2023ல ஃப்ரெஞ்சு படை கிளம்பினதை நானும் வரவேற்கிறேன், 2024ல ரெண்டு தங்கச் சுரங்கத்தை அரசு எடுத்ததும் சின்ன விஷயமில்ல. ஆனா படை போன பின்னாடியும் காசு அதே சிஎஃப்ஏ ஃப்ராங்க்தான், ஃப்ரெஞ்சுக்காரன் காலனி காலத்துல கொண்டு வந்தது, இன்னிக்கும் மதிப்பு யூரோவோட கட்டினது. ரஷ்யாவோட நார்ட்கோல்டு கம்பெனிக்கு 2025ல புது சுரங்க லைசன்ஸ். 2014ல தெருவுல இறங்கி, 27 வருஷம் அதிபரா இருந்த காம்பாவோரேயை விரட்டினதுல முன்னாடி நின்ன இயக்கத்தோட நிறுவனர்கள்ல ஒருத்தரான வக்கீல் கி எர்வே காமை 2024 ஜனவரில பிடிச்சுட்டுப் போனாங்க, எதிர்த்துப் பேசறவங்களை சண்டை நடக்கற இடத்துக்கு ராணுவ சேவைக்கு அனுப்பறாங்க. ட்ரோரே தன்னை, 1983லேருந்து 1987 வரைக்கும் புர்கினா ஃபாசோவை ஆண்ட புரட்சித் தலைவர் தாமஸ் சங்கராவோட வாரிசா காட்டிக்கறாரு. சங்கரா மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு, கடனைக் கட்டமாட்டோம்னு 1987ல அடிஸ் அபாபால அவரு பேசினது இன்னிக்கும் பொருந்தும், ஆனா அவரும் 1984ல ஸ்ட்ரைக் பண்ண ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியருங்களை வேலையை விட்டு தூக்கினாரு. சங்கங்களை நொறுக்கிட்டா, நாளைக்கு தலைவரை சுடும்போது எழுந்து நிக்க அமைப்பு எங்கேருந்து வரும்? 1987 அக்டோபர்ல சங்கராவை சுட்டுக் கொன்னப்ப அதுதான் நடந்துச்சு.

நீங்க ஸ்டேட்டஸ்ல பாக்காத ஒரு இடம் சூடான். அத்பரான்னு ஒரு ஊரு, ரயில்வே தொழிலாளிங்க ஊரு, சூடான் கம்யூனிஸ்ட் கட்சியோட பழைய கோட்டை. ரொட்டி விலைக்கு எதிரா 2018 டிசம்பர்ல கிளர்ச்சி வெடிச்சது அங்கதான், நாலு மாசத்துல அதிபர் அல்-பஷீர் பதவியை விட்டுப் போயிட்டாரு. தெருத்தெருவா எதிர்ப்புக் கமிட்டிங்க உருவாச்சு, 2021 அக்டோபர் ராணுவக் கலகத்துக்கு அப்புறம் அவங்க உக்காந்து எழுதின சாசனம், அதிகாரம் உள்ளூர் கவுன்சில்லேருந்து மேல போகணும்னு சொல்லுச்சு. ஒரு கேப்டன் பேரும் அதுல கிடையாது. 2023 ஏப்ரல்ல ரெண்டு ஜெனரலுங்க நாட்டை சண்டைக்களமாக்கினப்ப, அந்தக் கமிட்டிங்க வழியா வந்தவங்கதான் அவசர உதவி அறைகள் தொடங்கி, குண்டு விழற ஊர்ல பொது சமையல் நடத்தி சோறு போட்டாங்க. கப்ராலோட ஊர் கமிட்டியை இன்னிக்கு எங்க பாக்கலாம்னா நான் அங்கதான் கை காட்டுவேன்.

படிக்கறதுக்கு, கினி-பிசாவோட சமூக அமைப்பு பத்தி 1964ல மிலான்ல கப்ரால் பேசினது ஒண்ணு இருக்கு, சின்னதுதான், அதுல ஆரம்பிங்க. அதுக்கப்புறம் ஹவானா பேச்சு, அதுல முதல் பாதி கொஞ்சம் கஷ்டமா இருக்கும், விட்டுடாதீங்க. முடிச்சுட்டு எழுதுங்க, உங்க ஆஃபீஸ் நண்பர்களையும் சேர்த்து.