கொலையும் மேடைப்பேச்சும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்மையில் ‘கில்லிங் தெம் சாஃப்ட்லி’ பார்த்தேன். சூதாட்டக் கூடத்தில் கொள்ளை, கொள்ளையர்களைத் தீர்த்துக்கட்ட வரும் கூலிக்கொலைகாரன் என்று கச்சிதமான கதை. ஆனால் மதுக்கடை, கார் என்று எங்கே போனாலும் டிவியோ ரேடியோவோ 2008 நிதி நெருக்கடியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறது. எரிச்சலாகிவிட்டது. நண்பரிடம் சொன்னால், “உனக்கு அரசியல் படமே ஆகாது” என்கிறார். குற்றப் படத்தில் அரசியல் எதற்கு என்று நான் கேட்பது தவறா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் எரிச்சல் நியாயமானது. ஆனால் அதற்கு அரசியலைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கதையையே பாருங்கள். கூடத்தை நடத்தும் மார்க்கி முன்பொரு முறை ஆள்வைத்துத் தன் கூடத்தையே கொள்ளையடித்தவன். இந்த முறை அவன் செய்யவில்லை. அது கொலைகாரனுக்கும் தெரியும். இருந்தும் மார்க்கி சாக வேண்டும். ஏனென்றால் ஆட வருகிறவர்களுக்கு நம்பிக்கை போய்விட்டது, பணம் புரளவில்லை. யாரோ ஒருவன் தண்டிக்கப்பட்டான் என்று வெளியே தெரிந்தால்தான் ஆட்டம் மறுபடி தொடங்கும். 2008இல் வங்கிகளைக் காப்பாற்றியபோதும் சந்தையின் நம்பிக்கை என்றுதானே பேசினார்கள்? கதை எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அப்புறம் டிவிக்கு என்ன வேலை?

ஜார்ஜ் வி. ஹிக்கின்ஸ் 1974இல் எழுதிய நாவல் அது. இயக்குநர் ஆண்ட்ரூ டொமினிக் அதை 2008க்குக் கொண்டுவந்தது நல்ல யோசனை. அந்த யோசனை நமக்குப் புரியாமல் போய்விடுமோ என்று பயந்துவிட்டார். (அடியாட்கள் கூடும் மதுக்கடையில் பந்தயம் ஓடாதா? அதிபர் உரையையா கேட்பார்கள்?)

போங் ஜூன்-ஹோவின் ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ (2003) பார்த்திருப்பீர்கள். 1980களின் தென்கொரியா, ராணுவப் பின்புலம் கொண்ட ஆட்சி. இன்றிரவு கொலை நடக்கும் என்று போலீசாருக்குத் தோன்றுகிறது. கூடுதல் படை கேட்கிறார்கள். எல்லோரும் ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போயிருக்கிறார்கள் என்று பதில் வருகிறது. இன்னொரு காட்சியில் போர்க்காலப் பயிற்சிக்காக ஊரே விளக்கை அணைக்கிறது. அந்த இருட்டு கொலைகாரனுக்கு வசதியாகிவிடுகிறது. அந்த அரசு யாருக்குக் காவல் இருந்தது என்று எவரும் வசனம் பேசுவதில்லை. அரசியலை எடுத்துவிட்டால் அங்கே கொலையே நடக்காது. உங்கள் படத்தில் டிவியை அணைத்தாலும் கதை அப்படியே ஓடும். நான் பார்க்கும் வித்தியாசம் இவ்வளவுதான்.

அதற்காக வாயைத் திறந்து அரசியல் பேசவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ‘கில்லிங் தெம் சாஃப்ட்லி’யின் கடைசியில் கொலைகாரனாக வரும் பிராட் பிட் அமெரிக்காவைப் பற்றிப் பொரிந்து தள்ளுவது எனக்குப் பிடிக்கும். அது அப்பட்டமான பிரசங்கம்தான். ஆனால் அவன் அங்கே வந்திருப்பது கூலி வாங்க. அதைக் குறைக்கப் பார்க்கிறார்கள். நாடு, வியாபாரம், பழைய அதிபர் ஜெஃபர்சன் எல்லாம் காசைக் கறக்கத்தான். பேசுகிறவனுக்குக் கேட்கிறவனிடம் ஏதாவது காரியம் இருந்தால் எவ்வளவு நீளமான பேச்சையும் உட்கார்ந்து கேட்கலாம். ரேடியோவுக்கு அந்த அறையில் யாரிடமும் ஒரு காரியமும் இல்லை.

ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் ‘ஹை அண்ட் லோ’ (1963) முடிவும் அப்படித்தான். பிள்ளையைக் கடத்தியவன் மரண தண்டனைக் கைதியாக, தன்னால் சொத்தை இழந்த முதலாளியைக் கூப்பிட்டுப் பேசுகிறான். என் அறையில் குளிரிலும் வெக்கையிலும் தூக்கம் வராது, மேட்டில் உங்கள் வீடு சொர்க்கம் மாதிரித் தெரிந்தது என்கிறான். வர்க்கப் பிரசங்கம் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. பேசப் பேச அவன் கை நடுங்குகிறது, கடைசியில் அலறுகிறான். அவன் சொன்னது சரியா என்று குரோசவா தீர்ப்பும் சொல்வதில்லை.

நண்பரோடு உட்கார்ந்து அதைப் பாருங்கள். முதல் பாதி கிட்டத்தட்ட முழுக்க ஒரே கூடத்தில் நடக்கும், அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.