தாத்தா எடுத்த வெள்ளிக் காசு: ரோமக் காசுதானா?

கரூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அமராவதி ஆற்று மணலில் தாத்தா எடுத்த வெள்ளிக் காசு ஒன்று வீட்டில் இருக்கிறது. ஒரு பக்கம் ஆண் தலை, மறுபக்கம் உட்கார்ந்த பெண். எடை 3.6 கிராம். ரோமக் காசு என்கிறார்கள். அசலா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தேய்த்துக் கழுவலாமா?"

முதலில் கடைசிக் கேள்வி. கழுவாதீர்கள். குத்துவிளக்குக்குப் புளி, வெள்ளிக் கொலுசுக்கு விபூதி என்று நமக்குக் கை பழகிவிட்டது. அந்தத் தேய்ப்பில் எழுத்தின் கூர்மை போய்விடும். காசை அடையாளம் சொல்வதே அந்த எழுத்துதான்.

நீங்கள் சொல்லும் உருவங்கள், ரோமப் பேரரசர் டைபீரியஸின் டெனாரியஸ் என்ற வெள்ளிக் காசுக்குப் பொருந்துகின்றன. கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டவர். நம் பக்கம் கிடைத்த ரோம வெள்ளிக் காசுகளில் அவருடையதும் அவருக்கு முன் ஆண்ட அகஸ்டஸுடையதும்தான் அதிகம். தலை வலப்பக்கம் பார்க்கிறதா, இலைமாலையின் நாடா பிடரியில் தொங்குகிறதா என்று பாருங்கள். அந்தப் பெண்ணின் ஒரு கையில் நெட்டுக்குத்தாக ஒரு கோல், இன்னொரு கையில் ஒரு கிளை இருக்க வேண்டும். அவளைச் சுற்றி 'பொன்டிஃப் மாக்சிம்' என்று லத்தீனில் இருக்கும். தலைமைப் பூசாரி என்ற பட்டம் அது. தலைப் பக்கத்தில் 'அகஸ்டஸ்' என்ற சொல்லைத் தேடுங்கள். அதில் ஆங்கில 'யு' வராது, அந்த இடங்களில் 'வி' போலத்தான் செதுக்கியிருப்பார்கள். பெண்ணுக்குப் பதிலாக இரண்டு பேர் நின்று, நடுவில் கேடயங்களும் ஈட்டிகளும் இருந்தால் அது அகஸ்டஸ் காசு. அவர்கள் அவருடைய பேரன்களான கையஸும் லூசியஸும்.

எடை சரியாகத்தான் இருக்கிறது. தேயாத காசு 3.7, 3.8 கிராம் வரும். பின்னால் வந்த பேரரசர் நீரோ கி.பி. 64 வாக்கில் எடையைக் குறைத்த பிறகு வந்தவை இன்னும் லேசு. அகலம், காண்டாமிருகம் போட்ட பழைய 25 பைசா அளவு.

ஆனால் நான் முதலில் பார்ப்பது விளிம்பைத்தான். இவை சுத்தியலால் அடித்து முத்திரை பதித்த காசுகள். வட்டம் கோணலாக இருக்கும், ஓரத்தில் சின்ன விரிசல்கூட இருக்கும். விளிம்பைச் சுற்றி ஒரே கோடாக ஒட்டுத் தெரிந்தாலோ, அதை அரத்தால் ராவிய தடம் இருந்தாலோ அச்சில் வார்த்த போலி என்று சந்தேகப்படுங்கள். தேய்ந்த இடத்தில் செம்பு எட்டிப் பார்த்தால் வெள்ளி போர்த்திய காசு. அது அந்தக் காலத்துக் கள்ளக் காசாகவும் இருக்கலாம். அப்புறம், எழுத்து தப்பும் தவறுமாக இருந்தால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். ரோமக் காசைப் பார்த்து அந்தக் காலத்திலேயே இங்கே அடித்த நகல்களும் உண்டு. முகத்தில் உளி வெட்டு இருந்தாலும் பயப்பட வேண்டாம். புதுக்கோட்டையில் 1898இல் கிடைத்த ரோமத் தங்கக் காசுகளில் பெரும்பாலானவை அப்படி வெட்டுப்பட்டவைதான்.

சரி, சட்டம். மண்ணுக்கடியில் கிடைத்த புதையல் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம். இத்தகைய தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதற்கு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை.

அடுத்து எழுதும்போது இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். விளிம்பையும் சேர்த்து.