டவர் தளத்தில் குறுக்கீடு: கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் டவரில் நான்கு டிரான்ஸ்மிட்டர்கள் இருக்கின்றன. ரிசீவரில் அவ்வப்போது இரைச்சல் வருகிறது. எந்த ஃபில்டர் போடலாம்?

பதில்: அலைவரிசைகள் எவை, எத்தனை வாட், எந்த ஆன்டெனா எந்த உயரத்தில், இரைச்சல் எப்போது வருகிறது? ஒன்றையும் எழுதாமல் ஃபில்டர் மட்டும் கேட்கிறீர்கள். தளத்திலுள்ள எல்லா அலைவரிசைகளையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரைச்சல் வரும்போதெல்லாம் எந்தெந்த டிரான்ஸ்மிட்டர் இயங்கிக்கொண்டிருந்தது என்று நேரத்துடன் குறியுங்கள். ஒரு வாரக் குறிப்போடு மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: தளத்தில் 154.250, 156.400 மெகாஹெர்ட்ஸில் இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள். இரண்டும் சேர்ந்து இயங்கினால் மட்டும் எங்கள் 152.100 ரிசீவரில் இருவர் பேச்சும் கேட்கிறது. ஒரு குரல் தெளிவு, மற்றொன்று கரகரப்பு. ஏன்?

பதில்: கடிதம் என்றால் இப்படி இருக்க வேண்டும். 154.250-ஐ இரட்டித்து 156.400-ஐக் கழியுங்கள், சரியாக 152.100 வரும். மூன்றாம் வரிசை இன்டர்மாடுலேஷன் இது: ஒரு அலை இரண்டு மடங்கு, மற்றது ஒரு மடங்கு என்று கலந்து புதிய அலைவரிசை பிறக்கிறது. இரட்டிக்கும் அலையின் டீவியேஷனும் (பேச்சுக்கேற்ப அலைவரிசை விலகும் அளவு) இரட்டிப்பாகிவிடுவதால் 154.250-இன் குரல் கரகரக்கிறது. மற்றது தெளிவாக வருகிறது. எது இரட்டிக்கிறது என்பதைக் காதே சொல்லிவிட்டது. கலப்பு எங்கே நடக்கிறது என்பதுதான் பாக்கி. அதற்கு அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: இதே போன்ற கலப்புக்கு, விற்பனையாளர் சொன்னபடி ரிசீவருக்கு முன்னால் கேவிட்டி ஃபில்டர் (குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் உள்ளே விடுவது) பொருத்தினோம். துளிகூட மாற்றமில்லை. இன்னொன்று சேர்க்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சோதிக்காமல் ஃபில்டர் வாங்குவதைக் கண்டால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நோயாளியைப் பார்க்காமலே மருந்து எழுதித் தருவது போன்ற வேலை இது. கலப்பு வெளியே உருவாகிறது என்றால், அது உங்கள் ரிசீவரின் அலைவரிசையிலேயே வந்து இறங்குகிறது. நீங்கள் கேட்க விரும்பும் அலையை உள்ளே விடும் ஃபில்டர் அதையும் உள்ளே விடத்தான் செய்யும். ஒன்றல்ல, பத்து வைத்தாலும் இதே கதைதான்.

கலப்பு நடக்கக்கூடிய இடங்கள் மூன்று: ரிசீவரின் முன்பகுதி, டிரான்ஸ்மிட்டரின் இறுதி ஆம்ப்ளிஃபயர், டவரின் உலோகம். பிரித்தறிய ஒரு 3 டெசிபெல் அட்டெனுவேட்டர் (சிக்னலை அந்த அளவு குறைக்கும் சிறு கருவி) போதும். ரிசீவரின் வாயிலில் அதைச் செருகிவிட்டுக் குறுக்கீட்டின் அளவைப் பாருங்கள். 9 டெசிபெல் அளவுக்குச் சரிந்தால் கலப்பு ரிசீவருக்குள் நடக்கிறது. அப்போது உங்கள் கேவிட்டி பயன்படும். வெறும் 3 டெசிபெல் குறைந்தால் அது வெளியிலிருந்து வருகிறது. அட்டெனுவேட்டரை டூப்ளெக்சருக்கு (ஒரே ஆன்டெனாவில் அனுப்புவதையும் கேட்பதையும் பிரிக்கும் பெட்டி) பின்னால், ரிசீவர் பக்கத்தில் மட்டுமே செருகுங்கள். ஆன்டெனா கேபிளில் செருகினால் டிரான்ஸ்மிட்டரின் சக்தி முழுவதும் அதன் தலையில் விழுந்து கருகிப்போகும்.

வெளியிலிருந்து வருகிறது என்று தெரிந்தால், இரட்டிக்கும் அலையின் டிரான்ஸ்மிட்டரை முதலில் சந்தேகியுங்கள். பக்கத்து ஆன்டெனாவின் அலை கேபிள் வழியே அதன் இறுதிக் கட்டத்துக்குள் திரும்பி வந்து கலக்கிறது. அங்கே ஓர் ஐசோலேட்டர் (அலையை ஒரே திசையில் மட்டும் விடும் கருவி) வையுங்கள். திரும்பி வரும் அலையை ஒற்றை ஐசோலேட்டர் 25 டெசிபெல், இரட்டை 50 டெசிபெல் குறைக்கும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஐசோலேட்டருக்குள் இருக்கும் ஃபெரைட் என்ற காந்தப் பொருள் தானே இரண்டாம் ஹார்மோனிக்கை (இரு மடங்கு அலைவரிசை) உண்டாக்கும். அதற்குப் பின்னால் உயர்ந்த அலைவரிசைகளைத் தடுக்கும் லோ-பாஸ் ஃபில்டர் வைக்க மறக்கக் கூடாது. பலர் மறக்கிறார்கள்.

ஐசோலேட்டருக்கும் அசையவில்லையா? அப்படியானால் உலோகம்தான். துருப்பிடித்த போல்ட், தளர்ந்த கிளாம்ப், வேலை முடிந்தும் கழற்றாமல் விட்ட பழைய ஆன்டெனா, எங்கோ தொங்கும் கம்பி ஆகியவற்றைப் பாருங்கள். காற்றடிக்கும்போது விட்டுவிட்டு வருவதும், மழையில் நனைந்தால் மாறுவதும் இதன் அடையாளங்கள். பார்க்க ஏறுகிறவர், கீழே எல்லா டிரான்ஸ்மிட்டர்களையும் அணைத்துப் பூட்டிய பிறகே ஏற வேண்டும்.

கேள்வி: ஆன்டெனா பக்கத்திலிருந்து பிரதிபலித்துத் திரும்பும் சக்தியைச் சொல்லும் வி.எஸ்.டபிள்யூ.ஆர். நல்ல அளவான 1.1 தான் காட்டுகிறது. கனெக்டரில் கோளாறு இருக்க முடியுமா?

பதில்: இருக்க முடியும். பிரதிபலிப்பை மட்டும் அளக்கும் கருவிக்குக் கலப்பு தெரியாது. 20 வாட் அலைகள் இரண்டைச் செலுத்திப் பார்க்கும் பிம் (கனெக்டர், உலோகம் போன்றவற்றில் நேரும் கலப்பு) சோதனைதான் அதைக் காட்டும்.

கேள்வி: எங்கள் ரிப்பீட்டர் ஒலிபரப்பும்போது தூரத்துச் சிக்னல்கள் மங்கிவிடுகின்றன. டவர் உச்சியில் ப்ரீஆம்ப் (ரிசீவருக்கு முன்னால் சிக்னலைப் பெருக்கும் கருவி) வைத்தால் சரியாகுமா?

பதில்: மோசமாகும். அது நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே பெருக்கும். சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து கப்ளர் (கேபிளுக்குள் சிறிதளவு சிக்னலைச் செலுத்தும் கருவி) வழியாகப் பலவீனமான சிக்னல் ஒன்றைக் கொடுத்துவிட்டு ரிப்பீட்டரை ஒலிபரப்பச் செய்யுங்கள். பிறகு ஆன்டெனாவைக் கழற்றி, அதற்குப் பதிலாகச் சக்தியை உமிழாமல் உள்வாங்கும் டம்மி லோடு வைத்து அதையே திரும்பச் செய்யுங்கள். டம்மி லோடிலும் மங்கினால் குற்றம் டூப்ளெக்சரிலோ ஒற்றைப் பின்னல் உறை கொண்ட, அலை கசியும் கேபிளிலோ இருக்கிறது. மங்காவிட்டால் ஆன்டெனாவையும் அதற்குப் போகும் கேபிளையும் டவரையும் ஆராயுங்கள். டிரான்ஸ்மிட்டரின் அகன்ற இரைச்சல் உங்கள் ரிசீவர் அலைவரிசையில் விழுகிறது என்றால், அதை டிரான்ஸ்மிட்டர் பக்கத்தில்தான் வடிகட்ட முடியும். இங்கேயும் அதேதான் சொல்வேன்: சோதித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஆன்டெனாக்களைப் பக்கவாட்டில் பிரிப்பதா, மேலும் கீழுமா?

பதில்: மேலும் கீழும். 150 மெகாஹெர்ட்ஸில் செங்குத்தாக 6 மீட்டர் இடைவெளி ஏறக்குறைய 45 டெசிபெல் பிரிப்பு தரும். பக்கவாட்டில் அதே அளவு வேண்டுமென்றால் 50 மீட்டர் போல் தள்ள வேண்டும். எந்த டவரில் அதற்கு இடம் இருக்கிறது?

கேள்வி: குறுக்கீடு இரவில் மட்டும் வருகிறது.

பதில்: டவரின் எச்சரிக்கை விளக்கைக் கவனியுங்கள். எல்.இ.டி. விளக்குகளின் மின்வழங்கி இரைச்சல் உமிழும். உரிய அனுமதியோடு சில நிமிடங்கள் அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: 5 கிகாஹெர்ட்ஸில் எங்கள் இரண்டு செக்டர்கள் (ஒவ்வொரு திசைக்கும் தனித்தனி ஆன்டெனா-ரேடியோ) ஒன்றையொன்று கெடுக்கின்றன.

பதில்: இரண்டையும் ஜி.பி.எஸ். நேரத்தோடு இணைத்து, ஒரே கணத்தில் அனுப்பி ஒரே கணத்தில் கேட்கும்படி அமையுங்கள். இரண்டிலும் ஃபிரேம் விகிதம் (அனுப்பும் நேரத்துக்கும் கேட்கும் நேரத்துக்கும் உள்ள பங்கு) ஒன்றாக இருக்க வேண்டும்.

கேள்வி: புதிய நிறுவனம் ஒன்று எங்கள் டவருக்கு வந்த நாளிலிருந்துதான் தொல்லை. அவர்களை வெளியேற்றச் சொல்லலாமா?

பதில்: அவர்கள் வந்த பிறகு தொடங்கியது என்பது சான்றாகாது. பல ஆண்டுகளாக உங்கள் கிளாம்பில் இருந்த துரு, இரண்டாவது அலை வந்ததும் முதன்முறையாகக் கலந்திருக்கலாம். தளத்தில் உள்ள எல்லோரும் ஒரே நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டரையும் அரை நிமிடம் அணைத்து, மற்றவை இயங்கும்போது ரிசீவரில் என்ன மாறுகிறது என்று எழுதுங்கள். பிறகு இரண்டிரண்டாக அணையுங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர்களிடம் பேசப் போங்கள்.